வாழைக்காய்க்கும் நாடித்துடிப்பு உண்டு: ஃபிட்னெஸ் பேண்ட் வாங்கும் முன்

பாண்டிச்சேரி பீச் ரோட்டில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்குத் தடை. அந்தத் தடுப்பை எடுக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது போய் நின்று பாருங்கள். நடை முடித்தவர்கள் கடலோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து டீயும் அரசியலுமாக இருப்பார்கள். ஒருவர் மட்டும் காந்தி சிலையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பார். மணிக்கட்டைப் பார்ப்பார், இன்னொரு சுற்று. 9,640. மறுபடி பார்ப்பார். 9,780. பத்தாயிரம் ஆனதும் கையில் கட்டியிருப்பது ஒரு முறை அதிரும். அப்புறம்தான் அவர் உட்காருவார்.

அவரைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை. மூன்று வருடம் முன்பு அதே சிலையை அதே காரணத்துக்காக நானும் சுற்றியிருக்கிறேன்.

போன வாரம் லாஸ்பேட்டையிலிருந்து மாமா பேசினார். வயது 63. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஹெலிபேட் மைதானத்துக்குப் போய்வர ஆரம்பித்திருக்கிறார். "மாப்ளே, இங்க வாக்கிங் வர்றவங்க எல்லாரும் கையில ஒண்ணு கட்டிக்கிட்டு வர்றாங்க. நானும் ஒண்ணு வாங்கிடட்டுமா? பிரஷர்கூடக் காட்டுதாமே?" என்றார். "இருங்க மாமா, யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அவருடைய கேள்வியோடு இதைப் படிக்க வந்தவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

இந்த பேண்டுகளின் திரையில் பத்துப் பன்னிரண்டு விஷயங்கள் வரும். நடந்த அடிகள், தூரம், கலோரி, நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், தூக்கம், மன அழுத்தம் என்று நீளும். ஆனால் உள்ளே அளக்கும் கருவி என்று இருப்பவை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, அசைவை உணரும் சில்லு. மற்றொன்று, ஒளியை அனுப்பித் திரும்ப வாங்கும் சென்சார். விலை கூடியவற்றில் ஜிபிஎஸ், இசிஜி என்று இன்னும் ஒன்றிரண்டு சேரும். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து கணக்குப்போட்டு வருவித்தவை.

இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. நேரடியாக அளந்ததற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை நம்பலாம். அளந்ததிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறதோ, நம்பிக்கையையும் அவ்வளவு குறைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அசைவு. முடுக்கமானி என்பார்கள். சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு கட்டை. கை வீசும்போது அது இம்மி அசையும். அந்த அசைவு மின்சாரக் குறியாக மாறும். நடக்கும்போது கை ஒரு தாளத்தில் முன்னும் பின்னும் போகிறது அல்லவா, அந்தத் தாளத்தை ஒரு நிரல் எண்ணுகிறது. அவ்வளவுதான். பேண்டுக்குக் கால் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. கையைப் பார்த்துக் காலைக் கணிக்கிறது.

ஆகவே வேடிக்கைகள் நடக்கும். பெரிய மார்க்கெட்டில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அரை மணி நேரம் நடந்தால், கை வீசாததால் பாதி அடிகள் கணக்கில் வராமல் போகலாம். டிரெட்மில்லில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் அப்படியே. மாறாக, குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டினால் நடக்காத அடிகள் சேரக்கூடும். சைக்கிளில் அலுவலகம் போகிறவருக்கு இது பெரிய அநியாயம். வேர்க்க விறுவிறுக்க மிதித்துவிட்டு வந்தால், கை ஹேண்டில்பாரில் அசையாமல் இருந்ததால் அடிக்கணக்கு ஒன்றும் ஏறியிருக்காது. சைக்கிள் என்று தனியாக அதில் தேர்ந்தெடுத்துவிட்டு ஓட்ட வேண்டும். இந்தக் கூடுதல் குறைச்சலோடும், சமதரையில் கை வீசி நடக்கும் நடைக்கு அடிக்கணக்கு தேவலாம். நேற்றைய உங்களை இன்றைய உங்களோடு ஒப்பிட அது போதும்.

அடுத்து ஒளி. பேண்டைக் கழற்றித் திருப்பினால் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலுக்கடியில் ரத்தம் ஒரு கணம் கூடுகிறது. அந்தக் கணத்தில் திரும்பி வரும் ஒளி குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினால் நாடித்துடிப்பு. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தோமே ஒரு கிளிப், அதற்கு உறவுக்காரச் சரக்குதான் இது. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் விரலின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் செலுத்திப் பார்க்கிறது. பேண்டு தோலில் பட்டுத் திரும்புவதைப் பார்க்கிறது.

இங்கே ஒரு சின்னச் சோதனை. வீட்டில் மலிவு விலை பேண்டு ஒன்று கிடந்தது. அதை ஒரு வாழைக்காயில் இறுக்கிக் கட்டி நாடித்துடிப்பு பார்த்தேன். முதலில் தடுமாறியது, அப்புறம் 78 என்றது. ஆரோக்கியமான வாழைக்காய்! என் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உருட்டிய துண்டில் கட்டினாலும் சில பேண்டுகள் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். காரணம் ஏமாற்று வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திரும்பி வரும் ஒளியில் எப்போதும் கொஞ்சம் சலசலப்பு இருக்கும். அதற்குள் ஒரு தாளத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே நிரல் எழுதப்பட்டிருக்கிறது. 'தெரியவில்லை' என்று சொல்ல அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால், வாழைக்காய்க்கும் நாடி துடிக்கும். நல்ல தயாரிப்புகள் இந்த இடத்தில் இரண்டு கோடுகளை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எனக்கு அது பெரிய பண்பாகப் படுகிறது.

மணிக்கட்டில் சரியாகக் கட்டி, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு பெரும்பாலும் சரியாகவே வரும். ஓடும்போதும் எடை தூக்கும்போதும் பிசகும். பட்டை தளர்ந்திருந்தால் வெளி வெளிச்சம் உள்ளே புகும். பச்சை குத்திய இடத்தில் மை ஒளியை மறைக்கும். கறுத்த தோலில் பச்சை ஒளி கூடுதலாக உறிஞ்சப்படுகிறதே, நமக்குச் சரிவருமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் வித்தியாசம் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுவதுதான் நம்மால் செய்யக்கூடியது. ஓட்டப் பயிற்சிக்குத் துல்லியமான துடிப்பு வேண்டும் என்றால் மார்பில் கட்டும் பட்டை இருக்கிறது. அது ஒளியை விட்டுவிட்டு இதயத்தின் மின்குறியையே படிக்கிறது.

கலோரி என்னும் கட்டுக்கதை

கடுமையாகத்தான் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைப் பட்டைகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளிவந்தது. நாடித்துடிப்பில் ஏழில் ஆறு பட்டைகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்தன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை: கலோரியை அளக்கும் கருவி எதுவும் பேண்டுக்குள் இல்லை. நீங்கள் கொடுத்த வயது, எடை, உயரம் ஆகியவற்றோடு அசைவையும் துடிப்பையும் சேர்த்து ஒரு சூத்திரம் போடுகிறது. உங்கள் உடம்பு அந்தச் சூத்திரத்தில் வரும் சராசரி உடம்பாக இருந்தால் சரி.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சித்திரை, வைகாசியில் இங்கே காலை ஆறரைக்கே புழுங்கும். கடல் காற்றில் ஈரம் இருப்பதால் வேர்வை காயாது. உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கும். மார்கழியில் 105 துடித்த அதே நடைக்கு வைகாசியில் 120 துடிக்கலாம். நீங்கள் கூடுதலாக உழைத்துவிட்டீர்கள் என்று பேண்டு நினைத்துக்கொள்ளும். கலோரியை அள்ளிக் கொடுக்கும். உண்மையில் நீங்கள் அதே தூரம், அதே வேகம்.

எண் சும்மா தவறாக இருந்தால் பரவாயில்லை. அதை நம்பி நாம் சாப்பிடுகிறோமே, அங்கேதான் வினை. 400 கலோரி எரித்துவிட்டேன் என்று கை சொன்ன நாளில் நேரு வீதியில் டீயோடு இரண்டு வடையை உரிமையோடு சாப்பிட்டவன் நான். நான்கு மாதம் கழித்து எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. கலோரித் திரையை அணைத்துவிட முடிந்தால் அணைத்துவிடுங்கள்.

தூக்கமும் கொஞ்சம் இதே கதைதான். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரிப்பதற்கு ஆய்வகத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பார்ப்பார்கள். மணிக்கட்டிலிருந்து மூளை தெரியாது. அசைவும் துடிப்பும் குறைந்தால் தூக்கம் என்று அது ஊகிக்கிறது. படுத்த நேரம், எழுந்த நேரம், மொத்தம் எத்தனை மணி என்பவை ஓரளவு சரியாக வரும். ஆனால் கரண்ட் போன ஒரு ராத்திரி, கொசுவுக்குப் பயந்து போர்வைக்குள் அசையாமல் விழித்துக் கிடந்தேன். காலையில் 'மிகச் சிறப்பு, 87' என்று பாராட்டு வந்தது. நல்ல மதிப்பெண் வரவேண்டுமே என்ற கவலையில் தூக்கம் கெடுவதும் நடக்கிறது. அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று 2017இல் பெயரே வைத்துவிட்டார்கள்.

பிரஷர், சுகர், இசிஜி

மாமா கேட்டது இதைத்தான். இங்கே சிரிப்புக்கு இடமில்லை.

ஊசி குத்தாமல், தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளவைக் காட்டுவதாகச் சொல்லும் வாட்சும் மோதிரமும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது: இப்படித் தாமாகவே அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை, வாங்க வேண்டாம். தவறான எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. புஜத்தில் ஒட்டும் சென்சார் என்பது வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருக்கும். அது அளந்ததை வாட்ச் திரையில் பார்ப்பதில் தவறில்லை. அளப்பது அந்தச் சென்சார், வாட்ச் வெறும் பலகை.

பிரஷருக்குக் கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டைதான் இன்றும் அளவுகோல். சில விலை கூடிய வாட்சுகள் நாடி அலையின் வடிவத்திலிருந்து அதைக் கணிக்கின்றன. அவற்றையும் மாதம் ஒரு முறை போல நிஜ பிரஷர் மெஷினோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அதாவது மெஷின் எப்படியும் வீட்டில் வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் வாட்சில் 120/80 என்று வருவதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவது என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல்ல வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் என்று ஒரு வகை. அது இதயத் துடிப்பையே மட்டுப்படுத்தும். பேண்டோ 220இலிருந்து வயதைக் கழித்து, உங்கள் உச்சத் துடிப்பு இவ்வளவு, இன்னும் வேகமாக நட என்று விரட்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. அவர்களுக்குப் பழைய முறைதான் நல்லது. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. மிதமான வேகம் என்றால் அதுதான்.

இசிஜி விஷயத்தில் வாட்ச்காரர்களுக்குக் கொஞ்சம் மதிப்பெண் கொடுக்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ஒரு கோளாறு. இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்கும். பக்கவாதத்துக்கு அது ஒரு காரணம். பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆப்பிள் வாட்சை வைத்து அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2019இல் வெளியானது. தாளம் தப்புகிறது என்ற எச்சரிக்கை 0.52 சதவீதம் பேருக்கே வந்தது. அவர்களில் தொடர் இசிஜி ஒட்டிப் பார்க்க வைத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு அப்போதும் தெரிந்தது. அது வந்து வந்து போகும் கோளாறு என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே அப்படி ஒரு எச்சரிக்கை வந்தால் டாக்டரிடம் காட்டுவது நியாயம். ஆனால் வாட்ச் எடுப்பது ஒற்றைக் கோட்டு இசிஜி. ஆஸ்பத்திரியில் எடுப்பதில் பன்னிரண்டு கோடுகள். மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆட்டோ பிடியுங்கள்.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

காந்தி சிலையைச் சுற்றியவருக்கு இது தெரிந்தால் வருத்தப்படுவார். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. நாடே உடற்பயிற்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்த சூட்டில், 1965இல் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணி ஒன்றை விற்றது. பெயர் மன்போ-கெய். பத்தாயிரம் அடி மானி என்று பொருள். வட்டமான எண், நினைவில் நிற்கும், விற்கும். அறுபது வருடமாக அந்தப் பெயர்ப்பலகைதான் உலகத்தின் மணிக்கட்டெல்லாம் இலக்காக இருக்கிறது.

பிறகு ஆராய்ந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த எண் வேறு. 2019இல் சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்கள் 16,741 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் அந்தக் காலகட்டத்து இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 அடியைத் தாண்டியபின் கூடுதல் பலன் தெரியவில்லை. நடந்ததால் ஆயுள் கூடியதா, ஆரோக்கியமாக இருந்ததால் நடக்க முடிந்ததா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் முழுதாகப் பிரிக்க முடியாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் அடிக்கணக்கே இல்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அதற்குச் சுவர்க் கடிகாரமே போதும்.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். பீச் ரோட்டில் நடைபாதை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர். ஓர் அடிக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 1,800 அடி. இரண்டு முறை போய்த் திரும்பினால் ஏழாயிரம் அடியைத் தாண்டும். கையில் ஒன்றும் கட்டாமலே இது தெரிந்துவிடுகிறது.

சரி, கட்டினால் நடப்பார்களா?

நியாயமான கேள்வி இதுதான். எண் துல்லியமா என்பதைவிட, அந்த எண் நம்மை நாற்காலியிலிருந்து எழுப்புமா?

இரண்டு விதமாகவும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 35 வயதுள்ள, எடை கூடிய 471 பேரை இரண்டு வருடம் பார்த்தார்கள். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் நடுவிலிருந்து பட்டையும் கொடுத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. பட்டை இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்தார்கள், பட்டை கட்டியவர்கள் 3.5 கிலோதான். ஏன் என்று உறுதியாக யாரும் சொல்லவில்லை. என் வடைக் கணக்கு எனக்கு ஞாபகம் வந்தது. மறுபக்கம், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2022இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, பட்டை கட்டுவோர் நாளுக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடக்கிறார்கள். எடையில் ஒரு கிலோ போலக் குறைகிறது.

இரண்டும் முரண் இல்லை. நடக்க வைக்க இது உதவுகிறது. எடை குறைக்க இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம். எடை என்பது பெரும்பாலும் தட்டில் தீர்மானிக்கப்படுகிறது, தட்டுக்குச் சென்சார் கிடையாது.

அப்படியென்றால் யார் வாங்கலாம்? ஒரு பொதுப் பதில் கிடையாது. என் வீட்டிலேயே இரண்டு பதில்.

முத்தியால்பேட்டையில் என் அக்கா. 'நீ நடக்கவே மாட்டேங்குறே' என்று வீட்டில் எல்லாரும் அவளைக் குறை சொல்வார்கள். போனில் அடிக்கணக்கு பார்த்தால் நாளுக்கு 900. ஆனால் அவள் போன் நாள் முழுக்க ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். நைட்டியிலும் புடவையிலும் பாக்கெட் ஏது? கையில் ஒரு மலிவான பேண்டு கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் வீட்டுக்குள்ளேயே 6,200. மாடிப்படி, கொல்லை, சமையல்கட்டு என்று அவ்வளவு நடை. காய் நறுக்கியதில் கொஞ்சம் பொய் அடி சேர்ந்திருக்கும், போகட்டும். அவளிடம் இல்லாதது அடி அல்ல, வேகம். மூச்சு வாங்கும் அளவுக்குத் தொடர்ந்து பத்து நிமிடம்கூட எங்கும் இல்லை. இப்போது மாலையில் மொட்டை மாடியில் இருபது நிமிடம் விறுவிறுவென்று நடக்கிறாள். குறை சொன்னவர்கள் வாயும் அடைத்துவிட்டது. அது போன் தராத தகவல். சட்டைப் பையில் போன் வைத்துப் பழகியவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிப்பதே இல்லை.

சட்டைப் பை உள்ளவர்களுக்கு நான் சொல்வது இது. போனிலேயே அசைவுச் சில்லு இருக்கிறது, அடி எண்ணும் செயலியும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இரண்டு வாரம் போனைப் பையில் வைத்துக்கொண்டு நடங்கள். ராத்திரி அந்த எண்ணைப் பாருங்கள். பார்த்து, 'ஐயோ இன்று குறைவு' என்று தெருமுனை வரை ஒரு தடவையாவது போய்வந்தீர்களா? அப்படியானால் எண் உங்களிடம் வேலை செய்கிறது, பேண்டு வாங்கினால் பயன்படும். ஐந்தாம் நாளே பார்க்க மறந்துவிட்டீர்கள் என்றால், கையில் கட்டினாலும் இரண்டாம் மாதம் அது மேஜை டிராயருக்குப் போகும். சார்ஜர் வேறு டிராயரில் இருக்கும்.

எண்ணைப் பார்த்தாலே படபடப்பு வரும் சுபாவக்காரர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் கூகுளில் தேடி, பக்கத்து வீட்டு நர்சை எழுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஜிபிஎஸ் உள்ள வாட்ச் வேண்டும்தான், அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை.

வாங்குவது என்று முடிவானால்

மூவாயிரம் ரூபாய் பேண்டு இரண்டு வருடம் உழைத்தால் மாதம் 125 ரூபாய். பேட்டரியை மாற்ற முடியாது என்பதால் அதற்கு மேல் உழைக்கும் என்று எண்ண வேண்டாம். பெரிய திரை, ஃபோன் பேசும் வசதி எல்லாம் சேரச் சேர சார்ஜ் ஒரு நாள் இரண்டு நாளில் தீரும். மெல்லிய பேண்டு ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். தினமும் சார்ஜ் போட வேண்டியதைத்தான் மனிதர்கள் முதலில் கைவிடுகிறார்கள். ஆகவே புதியவர்களுக்கு மெல்லிய பேண்டுதான் என் ஓட்டு.

திரையை வெயிலில் நின்று பாருங்கள். கடைக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். செயலி உங்கள் போனில் ஒழுங்காக ஓடுகிறதா என்று வாங்கும் முன்பே இறக்கிப் பாருங்கள். என் முதல் பேண்டின் செயலி ஒரு வருடத்துக்குள் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோய், நல்ல பேண்டு வெறும் கடிகாரமாகிவிட்டது. உங்கள் துடிப்பும் தூக்கமும் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகின்றன என்பதால், தொடர்புப் பட்டியல், மைக் என்று சம்பந்தமில்லாத அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

5 ஏடிஎம் என்று எழுதியிருந்தால் ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு நிகரான, அசையாத நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். முக்குளிப்பதற்கான சீட்டு இல்லை. கடலில் குளித்தால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளிக்காவிட்டாலும் அலசுங்கள். வேர்வை உப்பு பட்டைக்கடியில் தங்கினால் ஒரு வாரத்தில் மணிக்கட்டில் சிவப்பாகத் தடிக்கும். ராத்திரி கொஞ்ச நேரமாவது கழற்றித் தோலைக் காயவிட வேண்டும்.

வாங்கியதும் முதல் வேலையாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே நூறு அடி நடந்து பாருங்கள். 95க்கும் 105க்கும் நடுவில் காட்டினால் நல்ல பிள்ளை. 70 என்றால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் திருப்பிவிடுங்கள். அப்படியே ஒரு வாழைக்காயும் பார்த்துவிடலாம்.

மாமாவுக்கு நேற்று போன் செய்தேன். சட்டைப் பையில் போன் இருக்கிறதே, முதலில் அதை எண்ண விடுங்கள் என்றேன். பிரஷரைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அந்தக் காசுல புஜத்துல கட்டுற மெஷினே வாங்கிடறேன். உங்க அத்தைக்கும் ஆகும்" என்றார். அப்புறம், "ஏம்ப்பா, வாழைக்காய்ல கட்டினியாமே, உன் பொண்ணு சொல்லுச்சு. அதைச் சமைச்சீங்களா?" என்று கேட்டார். சமைத்தோம். வறுவல்.